போ லெ வந்தார், புல் வரவில்லை: லீ ஹெயின் 23 குதிரைகள்

காலையில் கழுதை மேல் ஏறி வெளியே கிளம்புவார். பின்னால் ஒரு சின்னப் பையன். அவன் முதுகில் நைந்துபோன பழைய பட்டுப் பை. வழியில் ஒரு வரி தோன்றினால் எழுதிப் பைக்குள் போடுவார். பொழுது சாய்ந்து வீடு வந்ததும் அம்மா வேலைக்காரப் பெண்ணை விட்டுப் பையைக் கவிழ்க்கச் சொல்வார். சீட்டுகள் நிறைய விழுந்தால், "நெஞ்சையே கக்கித் தீர்த்தால்தான் இந்தப் பிள்ளை ஓய்வான் போலிருக்கிறது" என்று அங்கலாய்ப்பார். அப்புறம் விளக்கேற்றிச் சோறு போடுவார்.

இது சீனத்துத் தாங் காலக் கவிஞர் லீ ஹெயைப் பற்றி, அவருக்குப் பின் வந்த கவிஞர் லீ ஷாங்யின் எழுதிவைத்த குறிப்பு. லீ ஹெயின் அக்கா சொன்னதைக் கேட்டு எழுதியது. ஆள் எப்படி இருப்பார் என்றும் அதில் இருக்கிறது: ஒல்லி, கூட்டுப் புருவம், நீண்ட விரல்நகம்.

கழுதையில் போன இந்த மனிதர்தான் குதிரையைப் பற்றி 23 கவிதைகள் எழுதினார். ஒவ்வொன்றும் நாலு வரி, வரிக்கு ஐந்து எழுத்து. 23 கவிதைக்கும் சேர்த்து 460 எழுத்துதான். பெரும்பாலோர் ஏற்கும் கணக்குப்படி அவர் பிறந்தது 790. சீனரின் பன்னிரண்டு ஆண்டு வட்டத்தில் அது குதிரை ஆண்டு. இறந்தது 816.

சீனக் கவிதையில் மெலிந்த குதிரை வந்தால், 'இவன் திறமையை யாரும் கண்டுகொள்ளவில்லை' என்று அர்த்தம். பள்ளிப் பிள்ளைக்கும் தெரிந்த குறியீடு. லீ ஹெ கவிதைகளுக்கும் வழக்கமாக அந்தச் சீட்டைத்தான் ஒட்டுகிறார்கள். ஆனால் அவர் கதையைக் கிட்டப் போய்ப் பார்த்தால் சீட்டு ஒட்டவில்லை. அவரைக் கண்டுகொள்ள ஆள் இருந்தது. அதுவும் சாதாரண ஆள் இல்லை.

போ லெ என்கிற கண்

முதலில் குறியீட்டின் வேர். போ லெ என்பது குதிரை பார்த்துச் சொல்வதில் கைதேர்ந்த ஒருவரின் பெயர். இயற்பெயர் சுன் யாங், கி.மு. 7ஆம் நூற்றாண்டில் சின் நாட்டை ஆண்ட மூ கோமகன் காலத்தவர் என்பார்கள். அவரைப் பற்றிய கதைகளில் ஒன்றை மட்டும் விரிவாகச் சொல்ல வேண்டும்.

ஒரே நாளில் ஆயிரம் லி (லி என்பது சீனத் தூர அளவு) ஓடக்கூடிய ஒரு குதிரை உப்பு வண்டி இழுத்துக்கொண்டு தாய்ஹாங் மலை ஏறுகிறது. குளம்பு நீண்டுவிட்டது, முழங்கால் மடங்குகிறது, வால் நனைந்து தொங்குகிறது, வாய்நீர் தரையில் சொட்டுகிறது. பாதி ஏற்றத்தில் நின்றுவிட்டது. எதிரே வந்த போ லெ வண்டியை விட்டு இறங்கி, அதைத் தடவிக்கொடுத்து அழுகிறார். தன் மேலாடையைக் கழற்றி அதன் மேல் போர்த்துகிறார். குதிரை தலையைத் தாழ்த்திச் சீறுகிறது, பிறகு நிமிர்ந்து கனைக்கிறது. அந்தக் கனைப்பு வானம் வரை போயிற்று. உலோகத்திலிருந்தும் கல்லிலிருந்தும் எழுந்த ஒலி போல இருந்தது.

உருக்கமான கதைதான். ஆனால் யார் யாரிடம் சொன்னது என்று பாருங்கள். ஹான் மிங் என்பவர் சூ நாட்டின் சுன்ஷென் பிரபுவிடம் சொன்னது. பிரபுவைப் பார்க்க மூன்று மாதம் காத்துக்கிடந்த பிறகு. சொல்பவர் குதிரை, கேட்பவர் போ லெ ஆகவேண்டும் என்பது ஏற்பாடு. ஆக, இந்தக் குறியீடு பிறக்கும்போதே வேலை கேட்கும் மனுவாகத்தான் பிறந்தது. பின்னால் வந்த கவிஞர்கள் அதன் மேல் எவ்வளவு நிலவொளி பூசினாலும் இந்த அடிப்படை மாறவில்லை.

லீ ஹெ காலத்தில் இதை மிகக் கூர்மையாக எழுதியவர் ஹான் யூ (768–824). "உலகில் போ லெ இருந்தால்தான் ஆயிரம் லி குதிரை இருக்கும். ஆயிரம் லி குதிரைகள் எப்போதும் உண்டு, போ லெதான் எப்போதும் இருப்பதில்லை" என்று தொடங்கும் அவருடைய சிறு கட்டுரையைச் சீனத்தில் இன்றும் மாணவர்கள் மனப்பாடம் செய்கிறார்கள். அதில் எனக்குப் பிடித்தது அந்தப் புகழ்பெற்ற வரி அல்ல, தீவனக் கணக்கு. அப்படிப்பட்ட குதிரை ஒரு வேளைக்கு ஒரு மூட்டைத் தானியம் தின்னும். வளர்ப்பவன் அது தெரியாமல் மற்றதற்குப் போடும் அளவையே போடுகிறான். வயிறு நிரம்பாத குதிரை சாதாரணக் குதிரையோடு சமமாக நிற்கக்கூட முடியாமல் போகிறது. சாட்டையைக் கையில் வைத்துக்கொண்டு "நல்ல குதிரையே இல்லையே" என்கிறான்.

இது பட்டவர் எழுத்து. ஹான் யூ நாலாவது முறைதான், 792இல், ஜின்ஷி என்ற பட்டம் தரும் அரசுத் தேர்வில் தேறினார். அடுத்து, பதவி தரும் தேர்வில் மூன்று முறை தோல்வி. 795இல் முதலமைச்சர்களுக்குக் கடிதம் எழுதினார், பதில் இல்லை. 19 நாள் கழித்து இரண்டாவது கடிதம். அதிலிருந்து 29 நாள் கழித்து மூன்றாவது. மூன்று முறை வாசலுக்குப் போனதையும், வாயிற்காவலன் திருப்பி அனுப்பியதையும் அதில் அவரே சொல்கிறார்.

அப்பா பெயர்

அந்த ஹான் யூதான் லீ ஹெயைக் கண்டுகொண்டவர். தாங் காலக் குறிப்பு ஒன்று இப்படிப் போகும்: வந்தவர்களை வழியனுப்பிவிட்டுக் களைத்துப்போய் இடுப்புக் கச்சையை அவிழ்த்துக்கொண்டே லீ ஹெ கொடுத்துவிட்டுப் போன சுவடியைப் பிரித்தார் ஹான் யூ. முதல் கவிதையின் முதல் வரி: "கருமேகம் நகரை அழுத்துகிறது, நகரம் நொறுங்கப் பார்க்கிறது." அவிழ்த்த கச்சையைத் திரும்பக் கட்டிக்கொண்டு, ஆளை உள்ளே கூப்பிடச் சொன்னார். அப்படியே நடந்ததோ இல்லையோ, அவர் லீ ஹெக்குக் கடிதம் எழுதி ஜின்ஷி தேர்வு எழுதச் சொன்னது உறுதி, அவரே எழுதியிருக்கிறார். லீ ஹெயும் ஹெனான் வட்டாரத் தேர்வில் உட்கார்ந்தார். அதற்கு எழுதிய பன்னிரு மாதப் பாடல்கள், இடைமாதத்தையும் சேர்த்து 13, இன்றும் இருக்கின்றன.

அடுத்தது தலைநகர் சாங்-ஆன். அங்கேதான் வினை வந்தது. லீ ஹெயின் அப்பா பெயர் லீ ஜின்சு. 'ஜின்ஷி'யில் வரும் 'ஜின்' வேறு எழுத்து, வேறு பொருள். ஒலி மட்டும் ஒன்று. தந்தை பெயரை மகன் வாயால் சொல்வது அங்கே பெருங்குற்றம். போட்டியாளர்கள் கிளப்பிவிட்டார்கள்: அப்பா பெயரைப் பட்டமாகச் சூட்டிக்கொள்ளப் போகிறான், அவனைத் தூண்டிவிட்டவரும் தப்பு செய்கிறார்.

புரளிதானே என்று தள்ளிவிட முடியாது. தந்தை, பாட்டன் பெயரோடு மோதும் பதவியை ஏற்பவனுக்கு ஓராண்டுக் கட்டாய உழைப்பு என்று தாங் சட்டமே சொன்னது. நண்பர் ஹுவாங்ஃபு ஷி ஹான் யூவை எச்சரித்தார்: "இதைத் தெளிவுபடுத்தாவிட்டால் நீங்களும் லீ ஹெயும் சேர்ந்து குற்றவாளி ஆவீர்கள்." ஹான் யூ ஒரு வாதக் கட்டுரை எழுதினார். ஒலி மட்டும் ஒத்த பெயருக்கு விலக்கு இல்லை என்று சட்டத்திலிருந்தே எடுத்துக்காட்டினார். பிறகு ஒரு போடு போட்டார்: "அப்பா பெயர் ஜின்சு என்றால் மகன் ஜின்ஷி ஆகக்கூடாதாம். அப்பா பெயர் ரென் என்றிருந்தால் மகன் மனிதனாகவே இருக்கக்கூடாதா?" சீனத்தில் கருணைக்கும் ரென், மனிதனுக்கும் ரென்.

வாதத்தில் ஓட்டை கிடையாது. பலனும் கிடையாது. லீ ஹெ கடைசி வரை அந்தத் தேர்வில் உட்காரவில்லை என்று தாங் வரலாறு ஒரே வரியில் முடித்துவிடுகிறது.

கவிஞர் யுவான் ஜென் சின்ன வயதுப் பகைக்குப் பழிவாங்கினார் என்றொரு கதையும் உலவுகிறது. மதிப்புக் குறைந்த தேர்வில் தேறிய யுவான் ஜென் பார்க்க வந்தபோது லீ ஹெ முகம் கொடுக்கவில்லையாம். யுவான் ஜென் தேறியது 793; அப்போது லீ ஹெக்கு மூன்று வயது. வில்லன் ஒருவன் கிடைத்தால் கதை சுலபமாகிறது, அவ்வளவுதான்.

பிறகு ஒரு சின்ன உத்தியோகம் கிடைத்தது. ஒன்பது படிநிலைகளில் ஒன்பதாவது, அதிலும் கீழ்ப்பாதி. அரசவைச் சடங்கிலும் வழிபாட்டிலும் பேரரசரும் அமைச்சர்களும் எங்கே நிற்கவேண்டும் என்று காட்டும் பலகைகளை எடுத்து வைப்பது, 'வணங்குக', 'எழுக' என்று குரல் கொடுப்பது. மற்றவர்களுக்கு இடம் போட்டுக் கொடுக்கும் வேலை. சுமார் மூன்று வருடம் அதில் இருந்துவிட்டு, உடம்பு சரியில்லாமல் ஊர் திரும்பினார்.

தட்டிப் பார்

இப்போது கவிதைகள். எந்த ஆண்டு எழுதினார் என்று ஒவ்வொன்றுக்கும் தேதி போட முடியாது. அதனால் வாழ்க்கையையும் வரியையும் ஒன்றுக்கு ஒன்று முடிச்சுப் போடாமல் படிப்பதே நல்லது. 23இல் எல்லாம் ஒரே தரமும் இல்லை. பழைய கதைகளைச் சும்மா தொட்டுவிட்டுப் போகிறவையும் உண்டு. நாலாவது கவிதை அப்படி இல்லை:

இது சாதாரணக் குதிரை அல்ல;
ஃபாங் விண்மீனே இறங்கி வந்தது.
அருகே போய் அந்த ஒட்டிய எலும்பைத் தட்டிப் பார்:
இன்னும் வெண்கலமாய் ஒலிக்கும்.

ஃபாங் என்பது விருச்சிகத்தின் தலைப்பக்கம் வரிசையாக நிற்கும் நாலு விண்மீன். சீனர் அதை வானத்து நாலு குதிரைப் பூட்டு என்றார்கள். நம் பஞ்சாங்கத்தில் அந்த இடத்தில் இருப்பது அனுஷம். நமக்குக் குதிரை அசுவினியில்; அவர்களுக்கு அனுஷத்தில்.

மூன்றாம் வரியில்தான் விஷயம் இருக்கிறது. உலகம் முழுக்க மெலிந்தவர்கள் தங்களை ஆயிரம் லி குதிரை என்று சொல்லிக்கொள்ளலாம், யார் கேட்பது? இந்தக் குறியீட்டின் பெரிய பலவீனமே அதுதான், சோதித்துப் பார்க்க வழி இல்லை. லீ ஹெ சோதனை வைக்கிறார். பாத்திரக் கடையில் வெண்கலப் பானையைச் சுண்டிப் பார்ப்பது போலத் தட்டிப் பார் என்கிறார். எனக்கு இதில் உப்பு வண்டிக் குதிரையின் உலோகக் கனைப்பும் கேட்கிறது. தாங்குக்கு முந்தைய ஹான் அரசமரபின் தளபதி மா யுவான், இன்றைய வட வியட்நாமில் கைப்பற்றிய வெண்கல முரசை உருக்கி, நல்ல குதிரைக்கு அளவுகோலாக ஒரு வெண்கலக் குதிரை வார்த்துக் கொடுத்தது நினைவுக்கு வருகிறது. லீ ஹெயிடம் அளவுகோல் வெளியே அரண்மனையில் நிற்கவில்லை, இந்த எலும்புக்குள்ளேயே இருக்கிறது.

பதினெட்டாவது கவிதையை ஆய்வாளர்கள் அவ்வளவாக முன்னால் வைப்பதில்லை. எனக்கு 23இலும் இதுதான் சாவி.

போ லெ முன்னே வந்து பார்க்கிறார்;
சுழி வயிற்றடியில் இருக்கிறது.
இப்போதைக்கு அளந்து போடும் வெண்புல்;
பச்சை மலையைத் தாவுவது என்றைக்கு?

மாட்டுச் சந்தைக்குப் போனவர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். சுழி பார்க்காமல் அங்கே யாரும் முன்பணம் கொடுக்கமாட்டார்கள். சீனத்துக் குதிரைச் சாத்திரத்திலும் சுழி உண்டு. வயிற்றடியில் காம்பு போலச் சுழி இருந்தால் ஆயிரம் லி குதிரை என்பது போ லெ பெயரில் வழங்கும் விதி. மேலே இருந்து பார்ப்பவனுக்குத் தெரியாது. குனிந்து பார்க்க வேண்டும். போ லெ குனிந்து பார்த்தார், சுழி இருந்தது.

வழக்கமான கதை இங்கே முடிந்திருக்க வேண்டும். அழுகை, மேலாடை, கனைப்பு. லீ ஹெயில் அடுத்த வரியில் வருவது அளந்து போடும் புல். கண்டுகொண்டாயிற்று, தீவனம் மாறவில்லை. ஹான் யூ தன் கட்டுரையில், தெரியாததால் தீவனம் குறைகிறது என்றார். அவரே கண்டெடுத்த குதிரை, தெரிந்த பிறகும் தீவனம் வராது என்று பதில் சொல்கிறது. தீவனம் போடும் கை வேறு யாருடையதோ.

பசி அவர் குதிரைகளில் அலங்காரம் இல்லை. ஆறாவது கவிதையில் படுத்துக் கிடக்கும் குதிரையின் எலும்பு துருத்துகிறது, பிடரியின் சிவப்பு தீய்ந்து உதிர்கிறது, சணல் கயிறு நெற்றி மயிரை வாள் போல அறுக்கிறது. இரண்டாவதில் பன்னிரண்டாம் மாதம். தலைநகர வீதியில் பனி உப்பு போலக் கிடக்கிறது. புல்வேராவது இனிக்குமென்று குதிரை தேடுகிறது. வாய் தாங்குமா தாங்காதா தெரியாது, முதலில் நெருஞ்சியைக் கடிக்கப் பார்க்கிறது. நம் ஊர் நெருஞ்சியேதான், அதே செடி. அந்த முள்ளை வெறுங்காலில் மிதித்தவருக்கு அந்த வாய் புரியும்.

லாயத்தில் யார்

கடைசிக் கவிதை குதிரையை விட்டு லாயத்துக்காரரைப் பார்க்கிறது:

வூ பேரரசருக்குச் சாகாவரம் வேண்டும்;
பொன்னை எரித்தார், ஊதாப் புகை வந்தது.
லாயத்தில் நிற்பதெல்லாம் சதைக் குதிரை;
வானேறத் தெரியாதவை.

ஹான் பேரரசர் வூ, மத்திய ஆசியாவின் ஃபெர்கானாவுக்கு கி.மு. 104 முதல் 101 வரை படையெடுத்துக் குதிரை கொண்டுவந்தவர். ஆனால் லீ ஹெ காலத்துப் பேரரசர் சியான்சோங்கும் சாகாமருந்து தேடியவர்தான். பெயர் மாற்றி அடிப்பது தாங் கவிஞர்களுக்குக் கைவந்த கலை.

'சதைக் குதிரை' என்ற சொல்லுக்குப் பின்னால் ஒரு பழைய சண்டையும் உண்டு. ஹான் கான் அரண்மனை ஓவியர். அவர் வரைந்த, கட்டுத்தறியில் திமிறும் கொழுத்த வெள்ளைக் குதிரை இன்று நியூயார்க் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. "சதையை வரைகிறான், எலும்பை வரையவில்லை" என்று கவிஞர் தூ ஃபு (712–770) அவரைக் குத்தினார். தூ ஃபுவுக்கு ஓவியம் தெரியாது என்று அடுத்த நூற்றாண்டில் ஒரு கலை வரலாற்றாசிரியர் திருப்பிக் குத்தினார். படத்தைப் பார்த்தால் நானும் அந்த வரலாற்றாசிரியர் பக்கம்தான். அந்தக் குதிரையின் உருளும் கண் லேசில் மறக்காது.

தூ ஃபுவிடமும் மெலிந்த குதிரை ஒன்று உண்டு. பதவி இறக்கப்பட்டு ஹுவாஜோவுக்குப் போன 758 வாக்கில் எழுதியது. சாலையோரம் படை விட்டுவிட்டுப் போன குதிரை. எலும்பு சுவர் போல நிற்கிறது. கிட்டப் போனால் உடம்பில் அரசு முத்திரைச் சூடு. அது ஒரு காலத்தில் உள்ளே இருந்து வெளியே தள்ளப்பட்ட குதிரை. லீ ஹெயின் குதிரைக்குச் சேணமே கட்டியதில்லை. இரண்டையும் ஒரே தொழுவத்தில் கட்டுவது தவறு என்று நினைக்கிறேன்.

இன்னொரு சிக்கல், நிஜக் குதிரைகள். 7ஆம் நூற்றாண்டில் தாங் அரசின் மேய்ச்சலில் 7,06,000 குதிரை இருந்ததாக வரலாறு சொல்கிறது. 755இல் தளபதி ஆன் லூஷானின் கலகம். அப்புறம் மேற்கு மேய்ச்சல் நிலங்களைத் திபெத்தியர் பிடித்துக்கொண்டார்கள். லீ ஹெ வளர்ந்த காலத்தில் அரசு வடக்குப் புல்வெளியின் உய்குர்களிடம் குதிரை வாங்கிக்கொண்டிருந்தது. ஒரு குதிரைக்கு 40 சுருள் பட்டு என்று பழைய கணக்கு. கவிஞர் பை ஜூயி 809 வாக்கில் இதைக் கொதித்து எழுதினார்: வரும் வழியில் புல் தீர்ந்து, ஊற்று வற்றி, குதிரைகள் நோயில் விழுந்துவிடும்; அரண்மனை லாயம் முத்திரை போடுவது எலும்புக்கும் தோலுக்கும்தான்.

ஆக, சாங்-ஆன் தெருவில் எலும்பும் தோலுமான குதிரை அன்று அபூர்வம் இல்லை. பட்டு கொடுத்து வாங்கிய நோஞ்சான்கள் லாயத்துக்குள்ளேயே இருந்தன. மெலிவு மட்டும் எதற்கும் சாட்சியாகாது. அதனால்தான் 'தட்டிப் பார்' அவ்வளவு அவசியமாகிறது என்று எனக்குத் தோன்றுகிறது.

போ லெயை வரம் என்று எல்லோரும் கொண்டாடவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். பழைய தாவோ ஞான நூலான சுவாங்சியில் ஓர் அத்தியாயம்: குதிரைக்குக் குளம்பும் மயிரும் போதும், புல் தின்று தண்ணீர் குடித்துத் துள்ளும். போ லெ வந்தார், சூடு போட்டார், மயிர் கத்தரித்தார், கடிவாளம் மாட்டினார். பத்தில் இரண்டு மூன்று செத்தது. பட்டினி போட்டு, ஓடவிட்டுப் பழக்கினார். பாதிக்கு மேல் செத்தது. லீ ஹெக்கு இது தெரியாமல் இருக்காது. ஆனாலும் ஐந்தாவது கவிதையில், பனி போன்ற பாலைமணலில், கொக்கி நிலவின் கீழ், தங்கக் கடிவாளத்தைத்தான் கேட்கிறார். ஞானத்தை விட வேலை வேண்டியிருந்தது.

நள்ளிரவுக் கடிதம்

831, பத்தாம் மாதம், நடுராத்திரி. கவிஞர் தூ மூ வீட்டு வாசலில் யாரோ கத்திக் கூப்பிடுகிறார்கள். விளக்கோடு போய்ப் பார்த்தால் ஒரு கடிதம். நண்பர் ஷென் எழுதியிருந்தார்: சாகும்போது லீ ஹெ தன் கவிதைகளை எல்லாம் என்னிடம் கொடுத்தான், ஊர் ஊராக அலைந்ததில் தொலைந்துவிட்டதென்றே நினைத்திருந்தேன், இன்று குடித்துவிட்டுத் தூங்கி எழுந்து, மறுபடி தூக்கம் பிடிக்காமல் பெட்டியைக் குடைந்தேன், கிடைத்துவிட்டது, அவனுக்குப் பார்த்துக்கொள்ள மனைவி மக்கள்கூட மிச்சமில்லை, நீங்கள் ஒரு முன்னுரை எழுதித் தர வேண்டும். லீ ஹெ இறந்து 15 வருடம் ஆகியிருந்தது.

தூ மூ முதலில் மறுத்தார், பிறகு எழுதினார். அந்த முன்னுரையில் லீ ஹெயின் வேகத்தைச் சொல்ல அவருக்கும் குதிரைதான் கிடைத்தது: காற்றில் விரையும் பாய்மரமும் போர்க்களத்துக் குதிரையும் இவர் வீரத்துக்கு ஈடாகா.

எலும்புக்கு விலை கிடைப்பதும் சீனத்தில் பழைய கதை. ஆயிரம் பொன்னோடு குதிரை வாங்கப் போனவன், செத்துப்போன குதிரையின் எலும்பை 500 பொன்னுக்கு வாங்கி வந்தான். செத்ததற்கே இவ்வளவா என்று ஊர் பேசியது. ஒரு வருடத்துக்குள் உயிருள்ள ஆயிரம் லி குதிரை மூன்று வந்து சேர்ந்தன. யான் நாட்டு அரசனிடம் இதைச் சொன்ன குவோ வெய், 'முதலில் என்னை வைத்துக்கொள்ளுங்கள்' என்று முடித்தார். அதுவும் மனுதான்.

லீ ஹெ இறந்து நாலு நூற்றாண்டுக்கு மேல் கழித்து, சோங் அரசு மங்கோலியரிடம் வீழ்ந்த பிறகு, பழைய அதிகாரி கோங் காய் ஒரு மெலிந்த குதிரையை வரைந்தார். ஜப்பானில் ஒசாகா நகர அருங்காட்சியகத்தில் இருக்கிறது. தலை தாழ்ந்து, பிடரி காற்றில் பறந்து, விலா எலும்பு எண்ணிப் பார்க்கும்படி நிற்கிறது. எண்ணவும் வேண்டும்: ஆயிரம் லி குதிரைக்கு 15 விலா உண்டு, மெலிந்தால்தான் அது வெளியே தெரியும் என்று அவரே ஓரத்தில் எழுதியிருக்கிறார். கூடவே ஒரு கவிதை, அதன் கடைசி இரண்டு வரி: "இன்று இந்த ஒட்டிய எலும்புக்கு இரங்குவார் யார்? அந்திவெயிலில் மணற்கரையில் அதன் நிழல் மலை போல."

கோங் காய் வீட்டில் மேசை கிடையாது. மகன் கட்டிலில் குனிந்து மண்டியிடுவான். அவன் முதுகில் தாளை விரித்து அப்பா குதிரை வரைவார். படத்தை வெளியே எடுத்துப் போனால் பத்துப் பத்தாகப் பொன் கொடுத்து வாங்கிக்கொள்ள ஆள் வந்தது. அந்த வீட்டில் அடுப்பு எரிந்தது அந்தக் குதிரைகளால்தான்.